ரஷ்யாவின் யெலேனா இசின்பாயெவாவை மற்ற கோலூன்றித் தாண்டும் வீராங்கனைகளிடமிருந்து வேறுபடுத்துவது எது?

உயரம்தான் என்று பலரும் சொல்வார்கள். 2009-இல் சூரிக் நகரில் அவர் தாண்டிய 5.06 மீட்டரை இன்றுவரை வேறு எந்தப் பெண்ணும் எட்டவில்லை என்பதால் அந்த விடையைத் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் கல்லூரியில் மூன்றாண்டுகள் கோல் பிடித்தவள் என்ற முறையில், எந்த உயரத்தைத் தாண்டாமல் விடுவது என்று முடிவெடுப்பதில் அவருக்கு இருந்த துணிவையே நான் முதலில் சொல்வேன்.

இந்த விளையாட்டில் ஓர் உயரத்தைத் தவறவிட்டவர், அங்கே மீதமிருக்கும் வாய்ப்புகளை விட்டுவிட்டு, அவற்றை அடுத்த உயரத்துக்குக் கொண்டுபோகலாம். இதை நாங்கள் ‘பாஸ்’ என்போம். உயரம் எதுவானாலும் தொடர்ந்து மூன்று முறை தவறினால் போட்டியிலிருந்து வெளியேற வேண்டியதுதான். மாவட்ட அளவிலான ஒரு போட்டியில் ஒரு வாய்ப்பு மட்டும் மீதமிருந்தபோது, நடுவரிடம் அந்த ஒற்றைச் சொல்லைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. உள்ளங்கைப் பிசினில் கோல் ஒட்டிக்கொண்டிருக்க, அதே உயரத்துக்கே மறுபடியும் ஓடினேன். ஏதன்ஸில் இசின்பாயெவா செய்ததன் அருமை எனக்கு அப்போதுதான் உறைத்தது.

2004 ஒலிம்பிக் இறுதிப் போட்டி அது. 4.70 மீட்டரில் அவர் ஒருமுறை தவறினார். பாஸ் சொல்லி 4.75-க்குப் போனார், அங்கும் தவறினார். அவருடைய நாட்டைச் சேர்ந்த ஸ்வெத்லானா ஃபெயோபனோவா 4.75-ஐத் தாண்டியிருந்தார். எஞ்சியிருந்த ஒரே வாய்ப்பை இசின்பாயெவா 4.75-இல் செலவழிக்காமல் 4.80-க்கு எடுத்துச் சென்றார். அதில் தவறியிருந்தால் தங்கத்துக்கான போட்டி அவருக்கு அத்துடன் முடிந்திருக்கும். தாண்டினார், தங்கம் உறுதியான பிறகு குறுக்குக் கம்பை 4.91-க்கு ஏற்றச் செய்து உலக சாதனையும் படைத்தார். முறை வரும்வரை துண்டால் முகத்தை மூடிப் படுத்துக்கிடப்பதும், ஓடத் தொடங்குமுன் கோலை நிமிர்த்திப் பிடித்து உதடுகள் அசைய அதனிடம் ஏதோ பேசுவதும் அவர் வழக்கம். அந்தக் காணொளிகளை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

அவருடைய தொடக்கத்தையும் சொல்ல வேண்டும். 1982-இல் வோல்கோகிராத் நகரில் பிறந்த அவர், ஐந்து வயது முதல் பதினைந்து வயதுவரை ஜிம்னாஸ்டிக்ஸ் பயின்றார். அந்த விளையாட்டுக்கு உயரம் அதிகமாகிவிட்டதால் பயிற்சியாளர் யெவ்கேனி த்ரோஃபிமோவிடம் வந்து கோலைக் கையில் எடுத்தார். கோல் வளைந்து நிமிரும் அந்தக் கணத்தில், தலைகீழாகத் தொங்கியபடி கால்களை வானை நோக்கி நீட்டி, உடலைத் திருப்பி, கையூன்றி நிற்பதுபோல் கோலின் உச்சியிலிருந்து தள்ளிக்கொண்டு எழ வேண்டும். எங்களில் பலருக்கு அச்சத்தில் முழங்கால் மடங்கிவிடும் இடம் இது. பத்தாண்டுகள் கம்பிகளில் தொங்கிப் பழகிய உடலுக்கு அது வீட்டு முற்றம். ஆயினும் பெண்களுக்கு இந்தப் போட்டி முதன்முதலாக நடந்த 2000 சிட்னி ஒலிம்பிக்கில் அவர் தகுதிச் சுற்றைக்கூடத் தாண்டவில்லை.

2005 ஜூலை அவருடைய பொற்காலம். லொசானில் 4.93, மத்ரித்தில் 4.95 என்று ஏறி, 22ஆம் தேதி லண்டனில் 4.96-ஐத் தாண்டியவர், இடைப்பட்ட சென்டிமீட்டர்களை விட்டுவிட்டுக் கம்பை நேராக 5.00-இல் வைக்கச் செய்தார். ஐந்து மீட்டரைத் தாண்டிய முதல் பெண் ஆனார். அவர் சாதனைகளைச் சென்டிமீட்டர் கணக்கில் சேர்த்தது ஒவ்வொரு சாதனைக்கும் கிடைக்கும் பரிசுத்தொகைக்காக என்று குறை சொல்பவர்கள் அந்த மாலையை மறந்துவிடுகிறார்கள் என்பது என் கருத்து. பிறகு ஆண்கள் கோலூன்றித் தாண்டலில் நெடுங்காலம் உலக சாதனையாளராக இருந்த செர்கெய் புப்காவை உருவாக்கிய வித்தாலி பெத்ரோவிடம் பயின்று, 2008 பெய்ஜிங்கில் 5.05 மீட்டருடன் இரண்டாவது ஒலிம்பிக் தங்கத்தை வென்றார்.

அதே துணிவு அவரைக் கவிழ்த்ததும் உண்டு. 2009 பெர்லின் உலகப் போட்டியில் மற்றவர்கள் தாண்டிக்கொண்டிருக்க, அவர் 4.75 வரை காத்திருந்தார். அங்கே ஒருமுறை தவறி, பாஸ் சொல்லி 4.80-க்குப் போய், இருமுறை தவறினார். ஒரு உயரமும் பதிவாகாமல் அழுதபடி வெளியேறினார். போலந்தின் அன்னா ரோகோவ்ஸ்கா 4.75-இலேயே தங்கம் வென்றார். பதினோராவது நாள் சூரிக்கில் பிறந்ததுதான் அந்த 5.06.

அதன்பின் ஓய்வு, பழைய பயிற்சியாளரிடம் திரும்புதல், 2012 லண்டனில் வெண்கலம், 2013 மாஸ்கோவில் சொந்த மக்கள் முன்னிலையில் 4.89 மீட்டருடன் உலகப் பட்டம், அடுத்த ஆண்டு மகள் பிறப்பு. மாஸ்கோவில் ஒருபாலீர்ப்பாளர்களைப் பற்றி அவர் சொன்னவை என்னை வருத்தின. அவரைப் போற்றும்போது அதை மறைக்க நான் விரும்பவில்லை. 2016-இல் ஊக்கமருந்து விவகாரத்தில் ரஷ்யத் தடகள அணிக்கு விதிக்கப்பட்ட தடையால் ரியோ ஒலிம்பிக்கில் அவர் பங்கேற்க முடியவில்லை. அதற்கு முன் ஜூன் மாதம், தாயான பிறகு, முப்பத்து நான்கு வயதில், செபோக்சரி நகரில் நடந்த தேசியப் போட்டியில் அவர் 4.90 மீட்டரைத் தாண்டியிருந்தார். ரியோவில் தங்கத்துக்குத் தேவைப்பட்ட உயரம் 4.85.