மங்குக்கு கெமிக்கல் பீல் செய்யலாமா?

கேள்வி: எனக்கு வயது 36, மாநிறம். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு கன்னங்களில் மங்கு படர்ந்துள்ளது. அழகு நிலையத்தில் கெமிக்கல் பீல் (அமிலம் பூசித் தோலை உரிக்கும் சிகிச்சை) செய்துகொள்ளச் சொல்கிறார்கள். செய்யலாமா?
– வாசகி, மதுரை

பதில்: செய்யலாம்; ஆனால், தோல் மருத்துவரிடம் மட்டுமே செய்துகொள்ளுங்கள். மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் நிறமி செல்கள் சிறு எரிச்சலுக்குக்கூட மெலனின் என்னும் கருநிறமியை மிகையாகச் சுரக்கும் என்பதால், ஆழமாக உரிக்கும் அமிலம் மங்கைப் போக்குவதற்குப் பதிலாக முன்பைவிட அடர்ந்த கருமையையே விட்டுச் செல்லக்கூடும். ஆகவே மேல்தோலை மட்டும் உரிக்கும் கிளைகாலிக் அமிலத்தைக் குறைந்த செறிவில் தொடங்கி, இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை, தோல் தாங்குவதைப் பார்த்துப் படிப்படியாகக் கூட்டுவார்கள். அதற்கு முன்பே 2 முதல் 4 வாரங்கள் நிறமியைக் குறைக்கும் களிம்பைப் பூசித் தோலைப் பக்குவப்படுத்த வேண்டும். இந்தக் கட்டத்தைத் தவிர்க்கும் இடத்தில் தயவுசெய்து முகத்தைக் கொடுக்காதீர்கள்.

மங்கு மீண்டும் வரும் இயல்புடையது. கண்ணுக்குப் புலப்படும் ஒளியும் அதைத் தூண்டுவதால், இரும்பு ஆக்சைடு கலந்த நிறமுள்ள சன்ஸ்கிரீனைத் தினமும் பூசுங்கள். மருந்துக்கடையில் நீங்களாக வாங்கிய ஸ்டீராய்டு களிம்பைப் பூசி வந்திருந்தால், அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.