ஜப்பானியத் தோட்ட நூல்களும் தாவர ஓவியங்களும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஜப்பானியத் தோட்டங்களைப் பற்றிய பெரிய புகைப்பட நூல் ஒன்றை வாங்கினேன். படங்கள் கண்ணை நிறைக்கின்றன. ஆனால், அந்தத் தோட்டங்கள் ஏன் அப்படி அமைக்கப்பட்டன என்பது இரண்டு முறை புரட்டிய பிறகும் விளங்கவில்லை. எந்த நூலிலிருந்து தொடங்க வேண்டும்?

பதில்: குறை தங்களிடம் இல்லை, நூலின் இயல்பிலேயே இருக்கிறது. கியோத்தோவில் உள்ள ரியோவான்ஜி கோயிலின் கல் தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள 15 கற்களுள் ஒன்றாவது, திண்ணையில் எங்கே அமர்ந்தாலும், பார்வைக்கு மறைந்திருக்கும். சற்று நகர்ந்தால் அது தோன்றும், வேறொன்று ஒளிந்துகொள்ளும். அந்த நகர்வைப் புகைப்படத்தால் தர இயலாது. ஆகவே, அழகிய படங்கள் நிறைந்த நூல்களே இத்துறையில் மிகக் குறைவாகக் கற்றுத்தருகின்றன என்பது என் கருத்து.

படமே இல்லாத ஒரு நூலிலிருந்து தொடங்கும்படி பரிந்துரைக்கிறேன். 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘சக்குத்தேக்கி’, தோட்டம் அமைக்கும் கலை பற்றி ஜப்பானில் எழுந்த மிகப் பழைய நூல். தாச்சிபானா நோ தொஷித்ஸுனா (1028–1094) என்ற பிரபு இதை எழுதியதாக மரபு சொல்கிறது. ஊஜியில் உள்ள பியோதோ-இன் கோயிலின் பீனிக்ஸ் மண்டபத்தை எழுப்பிய ஃபுஜிவாரா நோ யோரிமிச்சியின் மகன் அவர். இந்நூலில் தோட்டம் அமைப்பதைக் குறிக்கும் சொல்லே ‘கல்லை நிறுத்துதல்’ என்பதுதான். முதலில் ஒரு முதன்மைக் கல்லை நிறுத்தி, அது எதை வேண்டுகிறதோ அதற்கு இணங்க மற்றக் கற்களை வைக்க வேண்டும் என்கிறது நூல். ஓடுவது போன்ற கல் ஒன்றிரண்டு இருந்தால், துரத்துவது போன்ற கற்கள் ஏழெட்டு இருக்க வேண்டும்; இயற்கையில் படுத்திருந்த கல்லை நிமிர்த்தி வைத்தாலோ, நின்றிருந்த கல்லைக் கிடத்தினாலோ தீங்கு நேரும். இவற்றை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவதற்கு முன் ஒரு கணம் யோசித்துப் பாருங்கள். கல் தன் மலையில் எப்படிக் கிடந்தது என்று கவனிக்கத் தொழிலாளியைக் கட்டாயப்படுத்துவதற்கு இதைவிட வலுவான வழி இருந்திருக்குமா என்பது ஐயமே. ஆங்கில மொழிபெயர்ப்பு கிடைக்கிறது, அளவில் சிறியது, மெதுவாகப் படிக்க வேண்டியது.

அடுத்து, ஜோசையா காண்டர் 1893-இல் வெளியிட்ட நூலைப் படிக்கலாம். 1877-இல் கட்டடக்கலை கற்பிக்க ஜப்பானுக்கு வந்த ஆங்கிலேயர் அவர். ஜப்பானின் ‘எதோ’ (Edo) ஆட்சிக் காலத்துக் கையேடுகளில் இருந்த வகைப்பாடுகளையும் கற்களின் பெயர்களையும் ஒழுங்காகத் தொகுத்துக் கொடுத்தார். குறிப்புக்கு அது மிகவும் பயன்படும். ஆனால், அதை மட்டும் படித்துவிட்டுத் தோட்டம் புரிந்துவிட்டது என்று எண்ணுவது, யாப்பிலக்கணம் படித்தவுடன் கவிதை கைவந்துவிட்டது என்று எண்ணுவதைப் போன்றதுதான்.

தங்களிடம் இருக்கும் புகைப்பட நூலையும் வீணென்று ஒதுக்கிவிட வேண்டாம். அளவெடுத்து வரைந்த தரைப்படம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். 1934-இல் வீசிய பெரும்புயல் கியோத்தோவின் தோட்டங்களைச் சிதைத்தபின், மிரெய் ஷிகெமோரி என்ற தோட்டக் கலைஞர் நாடு முழுவதும் சென்று தோட்டங்களை அளந்து, அவற்றை 1936 முதல் 1939 வரை 26 தொகுதிகளாக வெளியிட்டார். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே உள்ள தொலைவு தெரிந்தபின் அதே புகைப்படம் வேறு விதமாகத் தெரியும்.

கேள்வி: ஜப்பானியத் தாவரங்களை முதலில் முறையாக வரைந்து நூலாக்கியவர்கள் ஐரோப்பியர்கள்தாம் என்று படித்தேன். இது சரியா?

பதில்: பாதி சரி. நாகசாகியின் தெஜிமா தீவில் இருந்த டச்சு வணிகக் கூடத்துக்கு மருத்துவர்களாக வந்த கெம்ஃபர், துன்பர்க், சீபோல்ட் ஆகிய மூவரும் ஐரோப்பாவுக்கு ஜப்பானியத் தாவரங்களை அறிமுகப்படுத்தினர் என்பது உண்மை. எனினும், 1823-இல் வந்த சீபோல்டுக்காகச் செடிகளை வரைந்தவர் கவஹாரா கெய்கா என்ற நாகசாகி ஓவியர். 1835 முதல் வெளிவந்த சீபோல்டின் புகழ்பெற்ற தாவரநூலின் படங்கள் பலவற்றுக்கும் மூலம் அவருடைய ஓவியங்களே. புகழ் யாருக்குச் சென்றது என்று சொல்லத் தேவையில்லை.

அதற்கு வெகுகாலம் முன்பே, 1692-இல், ‘எதோ’ (இன்றைய தோக்கியோ) நகரத்தின் சோமெய் பகுதியில் நாற்றங்கால் நடத்திய இதோ இஹெய் என்பவர் அசேலியா என்ற பூச்செடியின் 300-க்கும் மேற்பட்ட வகைகளைப் படத்துடன் விவரித்து நூல் வெளியிட்டிருந்தார். தாவர ஆய்வாளர் இவாசாகி கானென் ஏறத்தாழ 2,000 தாவரங்களை வண்ணத்தில் வரைந்து தொகுத்தார். மருத்துவர் ஈனுமா யோகுசாய் 1856 முதல் வெளியிட்ட நூலில், உள்நாட்டுச் செடிகளை ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸின் முறைப்படி வகைப்படுத்தினார். ஆக, கற்றல் இரு திசைகளிலும் நடந்திருக்கிறது. இவற்றுள் கானெனின் தொகுதியைத்தான் நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன்; ஜப்பானின் தேசிய நாடாளுமன்ற நூலகம் அதை மின்வடிவில் இலவசமாகவே பார்வைக்கு வைத்திருக்கிறது.

கேள்வி: இத்தனை துல்லியமான புகைப்படக் கருவிகள் வந்த பின்னும் தாவர நூல்களுக்கு ஓவியம் எதற்கு?

பதில்: சில செர்ரி மரங்களில் இலை விரியும் முன்பே பூ வருகிறது, பழம் பிறகு வருகிறது. மூன்றும் ஒரே கிளையில் இருக்கும் நாள் ஒன்று ஆண்டில் கிடையாது. ஓவியரின் தாளில் மட்டுமே அவை சந்திக்கின்றன. மேலும், புகைப்படம் ஒரு நாளில் ஒரு செடியைக் காட்டுகிறது, அதன் புழு அரித்த இலையையும் சேர்த்து. ஓவியமோ பல மாதிரிகளைப் பார்த்து, அந்த இனத்துக்குப் பொதுவானது எதுவோ அதைக் காட்டுகிறது. தொடக்கப் பள்ளியைக்கூட முடிக்காத தாவரவியலாளர் தொமிதாரோ மாகினோ (1862–1957) இதில் தலைசிறந்தவர். தம் படங்கள் அச்சில் கெட்டுவிடக் கூடாது என்பதற்காகக் கல்லச்சுத் தொழிலையே கற்றுக்கொண்டார். 1940-இல் வெளிவந்த அவருடைய படத் தாவரநூல், திருத்தப்பட்ட பதிப்புகளாக இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது.

ஒரு சுவையான செய்தியும் உண்டு. சீபோல்ட், ஹைட்ரேஞ்சியா என்ற பூச்செடி ஒன்றுக்கு ‘ஒதாக்சா’ (‘ஒ-தாக்கி-சான்’ என்பதன் திரிபு) என்று பெயரிட்டது தம் நாகசாகித் துணைவி தாக்கியின் நினைவாகவே என்று கண்டு, அதைக் கடிந்து எழுதியவர் மாகினோ. அவரே 1928-இல் தம் மனைவி சுவெகோ இறந்தபோது, ஒரு குட்டை மூங்கிலுக்கு அவர் பெயரைச் சூட்டினார்.

கேள்வி: கிங்கோ மரத்தின் பெயர் ஜப்பானியச் சொல்லா?

பதில்: ஆம். ‘கின்க்யோ’ என்பதை 1712-இல் வெளிவந்த தம் நூலில் கெம்ஃபர் ‘கிங்கோ’ என்ற எழுத்துகளில் பதிவு செய்தார். 1771-இல் லின்னேயஸ் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார். ஜப்பானியர் அந்த மரத்தை இன்று ‘இச்சோ’ என்றுதான் அழைக்கிறார்கள்.