குழந்தைகளின் கோடை விடுமுறையை இயல்பாகப் படம் எடுப்பது எப்படி?

பிற்காலத்தில் எடுத்துப் பார்த்தால் அந்தக் கோடையே கண்முன் வர வேண்டும், ஆனால் கேமராவைப் பார்த்ததும் பிள்ளைகள் விறைத்துப்போகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் அதுதான் நடந்தது.

என் மகளுக்கு அப்போது ஆறு வயது. ஒரு சாயங்காலம் தண்ணீர்க் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்து, பீய்ச்சியடிக்கும் தூறலில் வானவில் தெரிகிறதா என்று தலையைச் சாய்த்துச் சாய்த்துத் தேடிக்கொண்டிருந்தாள். நான் "இங்கே பாரு, சிரி" என்றேன். திரும்பினாள், பல்லைக் காட்டினாள், குழாயைக் கீழே போட்டாள். படம் பளிச்சென்று விழுந்தது. வானவில்லைத் தேடிய பிள்ளை மட்டும் அதில் இல்லை. அன்றிலிருந்து கேமரா கையில் இருக்கும்போது அவளைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை.

முதல் பத்து நிமிடம் படமே எடுக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். கேமராவை அவர்கள் மறந்துவிடுவார்கள். நின்றபடி எடுத்தால் உச்சந்தலையும் தரையும்தான் வரும். முட்டி போட்டு அவர்கள் கண் உயரத்துக்கு இறங்குங்கள்.

உச்சி வெயிலில் கண்ணுக்குக் கீழே கறுப்பு நிழல் விழும். மர நிழலோ தாழ்வாரமோ போதும், அதிலும் நிழல் முடிந்து வெயில் தொடங்கும் ஓரம் அருமையான இடம். சூரியன் மறைவதற்கு முந்தைய ஒரு மணி நேரம் இன்னும் நல்லது. சூரியன் பிள்ளையின் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்றால் கலைந்த முடியின் ஓரமெல்லாம் ஒளிரும். முகம் இருண்டால், போனில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டிக்கொள்ளுங்கள். ஓடும் பிள்ளைக்கு ஷட்டர் வேகம் (படம் பதிய கேமரா ஒளியை உள்ளே விடும் நேரம்) 1/500 நொடி, தண்ணீர்த் துளிகள் அந்தரத்தில் நிற்க 1/1000. ஊஞ்சலுக்கு வேண்டுமென்றே 1/30 வைத்து, கேமராவையும் ஊஞ்சலோடு சேர்த்து நகர்த்திப் பாருங்கள்; பின்னணி இழுபடும்போது வேகமே படத்தில் தெரியும்.

சரி, இதையெல்லாம்விட நான் முக்கியமாக நினைப்பது வேறு. முகத்தை மட்டும் எடுக்காதீர்கள், கோடை அவர்கள் மேல் விட்டுப்போகும் தடத்தையும் எடுங்கள். செருப்பு வார் இருந்த இடம் மட்டும் வெளுத்திருக்கும் பாதம், காய்ந்துபோன முட்டிச் சிராய்ப்பு, மதியத் தூக்கத்தில் தலையணை மடிப்பு பதிந்த கன்னம். குளித்துவிட்டு ஓடியவளின் ஈரக் காலடிகளைச் சிமெண்டுத் தரையில் ஒருமுறை எடுத்தேன். ஐந்து விரலும் தெளிவாக இருந்த முதல் தடம், நான் குனிவதற்குள் குதிகால் பக்கமிருந்து மறையத் தொடங்கிவிட்டது. இப்போது பதினொரு வயது அவளுக்கு. அந்தச் சிரித்த படம் எங்கே எடுத்தது என்றே அவளுக்குத் தெரியவில்லை. காலடிப் படத்தைக் காட்டியதும், "அன்னிக்குத் தரை எப்படிச் சுட்டுச்சுப்பா! நுனிக்காலிலேயே ஓடினேன்" என்றாள்.

வேண்டாம் என்று பிள்ளை சொன்னால் உடனே கேமராவை இறக்கிவிடுங்கள். குளிக்கும்போது எடுத்தவை வீட்டோடு இருக்கட்டும், இணையத்தில் போட வேண்டாம்.

அப்புறம், முகம் பாதி வெட்டுப்பட்டது, கொஞ்சம் கலங்கியிருக்கிறது என்று அன்றே எதையும் அழித்துவிடாதீர்கள். விடுமுறை முடிந்து ஒரு மாதம் போகட்டும். அதன் பிறகு பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, எது இருக்க வேண்டும் என்று கேளுங்கள்.