கனடாவின் ‘ஆர்டர் ஆஃப் கனடா’ விருதை யாருக்குக் கொடுக்கிறார்கள்? செல்வாக்கு இல்லாதவர்களுக்கும் கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் அவர்களுக்காக யாராவது உட்கார்ந்து எழுதவேண்டும். நான் இருப்பது ஒண்டாரியோவில். எங்கள் பகுதியில் இல்லாதவர்களுக்கு இலவசமாக உணவுப்பொருள் தரும் உணவு வங்கியை நடத்தும் ஒரு அம்மாவின் பெயரைப் பரிந்துரைத்தபோது எழுத்து வேலையில் நானும் இருந்தேன். அதனால் உள்விவரம் கொஞ்சம் தெரியும்.

கனடா நாடாகி நூறாண்டு நிறைந்த 1967இல் தொடங்கிய விருது இது. ‘சர்’ போன்ற பட்டங்கள் கனடியர்களுக்கு வேண்டாம் என்று 1919இலேயே நாடாளுமன்றக் கீழவை தீர்மானம் போட்டுவிட்டது. எனவே பெயருக்கு முன்னால் எதுவும் ஒட்டாது, பின்னால் இரண்டு எழுத்து போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். பணமுடிப்பும் கிடையாது. மேலிருந்து கீழாகக் கம்பேனியன், ஆபிசர், மெம்பர் என்று மூன்று படிகள். பதக்கம் ஆறு முனையுள்ள வெள்ளைப் பனித்துகள் வடிவம். நடுவில் மேப்பிள் இலை: கம்பேனியனுக்குச் சிவப்பு, ஆபிசருக்குத் தங்க நிறம், மெம்பருக்கு வெள்ளி. அன்றாடம் கோட்டில் குத்திக்கொள்ளச் சட்டைப் பொத்தான் அளவில் ஒன்று தருகிறார்கள். எங்கள் நூலகத்தில் கூட்டம் முடிந்ததும் நாற்காலி மடக்கி அடுக்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் அதைக் குத்தியிருந்தார். யாரும் கவனிக்கவில்லை, அவரும் காட்டிக்கொள்ளவில்லை.

யாருக்கு என்று கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் டெர்ரி ஃபாக்ஸ். எலும்புப் புற்றுநோயால் 18 வயதில் வலது காலை இழந்தவர். 1980 ஏப்ரலில், நாட்டின் கிழக்குக் கோடியிலுள்ள செயின்ட் ஜான்ஸில் செயற்கைக் காலோடு ஓடத் தொடங்கினார். புற்றுநோய் ஆராய்ச்சிக்கு ஒவ்வொரு கனடியரும் ஒரு டாலர் தரவேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடி, ஒண்டாரியோவின் தண்டர் பே நகருக்கு அருகே நின்றுவிட்டார். நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், அரசியின் பிரதிநிதியான கவர்னர் ஜெனரல் எட்வர்ட் ஷ்ரையர் அவருடைய சொந்த ஊரான போர்ட் கொக்விட்லத்துக்கே போய் கம்பேனியன் பதக்கத்தை அணிவித்தார். அப்போது வயது 22. மறு ஆண்டு பிப்ரவரியில் நிதி 2 கோடியே 40 லட்சம் டாலரைத் தாண்டியது, அன்றைய மக்கள்தொகையும் ஏறக்குறைய அதேதான். ஜூனில் அவர் போய்விட்டார்.

இன்னொரு பக்கம் மர்ரி சின்க்ளேர். மனிடோபாவில் நீதிபதியான முதல் பூர்வகுடியினர். பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து அடைத்துவைத்த உறைவிடப் பள்ளிகளைப் பற்றி விசாரித்த ஆணையத்தின் தலைவர். 6,000க்கும் மேற்பட்டோரின் சாட்சியங்களைக் கேட்டு, 2015இல் 94 பரிந்துரைகள் கொடுத்த ஆணையம் அது. நாட்டைப் பார்த்து ‘நீ செய்தது தப்பு’ என்று சொன்னவருக்கு அதே நாடு உயரிய விருதைத் தருவது எனக்குப் பிடித்திருக்கிறது. அவர் நாடாளுமன்ற மேலவையான செனட்டிலிருந்து விலகிய பிறகு, 2021 இறுதியில்தான் அது அறிவிக்கப்பட்டது. பதவியில் இருக்கும் அரசியல்வாதிக்கும் நீதிபதிக்கும் இங்கே விருது கிடையாது. இறந்தவர்களைப் பரிந்துரைக்கவும் முடியாது.

கொடுத்ததைப் பறிப்பதும் உண்டு. ஐஸ் ஹாக்கி வீரர்கள் சங்கத்தை நடத்திய ஆலன் ஈகிள்சன் மோசடி வழக்கில் சிக்கி 1998இல் முதல் ஆளாக விருதை இழந்தார். பத்திரிகை அதிபர் கான்ராட் பிளாக்குக்கு 2014இல் போனது.

சரி, செல்வாக்கு விஷயம். யார் வேண்டுமானாலும் யாரையும் பரிந்துரைக்கலாம். உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி தலைமையில் ஒரு ஆலோசனைக் குழு பார்த்து, தகுதியானவர்களைக் கவர்னர் ஜெனரலுக்குச் சொல்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பல்கலைக்கழகத் தலைவருக்கு எழுதித்தர ஒரு அலுவலகமே இருக்கும். எங்கள் உணவு வங்கி அம்மாவுக்கு இருந்தது சமையலறை மேசையைச் சுற்றி நாலு பேர். பட்டியல் வரும்போதெல்லாம் நிறுவனத் தலைவர்கள், பெரிய நன்கொடையாளர்கள் பெயர்கள் கணிசமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

எழுதும்போது ‘தன்னலமற்ற சேவை’ மாதிரி சொற்களை முதலில் அடித்துத் தள்ளினோம். பனிப்புயலில் பஸ் ஓடாத அன்றும் அவர் கதவைத் திறந்தது, வரிசையில் நிற்கும் வெட்கம் இருக்கக்கூடாது என்று டோக்கன் கொடுக்கத் தொடங்கியது என நடந்ததை எழுதினோம். அவரை நேரில் அறிந்தவர்களின் பெயர்களையும் கொடுத்தோம்.

நீங்களும் யாருக்காவது எழுதுவதானால் படிவம் கவர்னர் ஜெனரல் இணையதளத்தில் இருக்கிறது. யாரைப் பரிந்துரைக்கிறீர்களோ அவரிடம் சொல்லிவிடாதீர்கள், ரகசியமாக வைக்கச் சொல்கிறார்கள். பரிசீலனைக்கு ஒன்றரை வருடத்துக்கு மேலேயும் ஆகும். எங்களுக்கு இன்னும் பதில் வரவில்லை.