பொய்யான நேர்த்தி – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய். ஒப்பரேஷன் முடிந்து கண்டியில் கீமோ ஏற்றுகிறார்கள். சிவப்பு மருந்து. முதல் தடவை ஏற்றி மூன்றாவது கிழமை முடி கொத்துக் கொத்தாகக் கொட்டத் தொடங்கியது, இப்போது பாதிதான் மிச்சம். அம்மா காம்பராவை விட்டு வெளியே வருவதேயில்லை. "உயிர் பெரிசா, முடி பெரிசா" என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நெல்லிக்காய் எண்ணெய், வெங்காயச் சாறு என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதைத் தேய்த்தால் நிற்கும்? விக் வாங்கலாமா என்று கொழும்பிலிருந்து அண்ணா கேட்கிறார். மாமா வேறு வழி சொல்கிறார். கதிர்காமத்துக்குக் கூட்டிப்போய் மொட்டை போட்டுவிட்டால் நேர்த்திக்கடன் என்று சொல்லிக்கொள்ளலாம், லயத்து வரிசை வீடுகளில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்களாம். எனக்கும் அது சரியென்றுதான் படுகிறது. இங்கே யாருக்கும் இன்னும் விஷயம் தெரியாது, அல்சர் ஒப்பரேஷன் என்று சொல்லி வைத்திருக்கிறோம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கச்சி,

வருகிற எல்லாக் கடிதங்களுக்கும் என்னால் பதில் எழுத முடிவதில்லை. உன் கடிதத்தை மூடி வைக்கவும் முடியவில்லை. நம் தோட்டங்களில் ஒரு வீட்டுக்கு இந்த நோய் வந்தால் அடுத்த காம்பராவுக்குக்கூடத் தெரியாமல் போகிறதே என்று சில மாதங்களாகவே மனதுக்குள் அறுத்துக்கொண்டிருக்கிறது. அந்த நேரம் பார்த்து நீ எழுதியிருக்கிறாய்.

முதலில் எண்ணெய்ப் பேச்சை முடித்துவிடுகிறேன். எதைத் தேய்த்தாலும் நிற்காது. கீமோ மருந்து இரத்தத்தோடு போய், உடம்பில் எங்கெல்லாம் செல்கள் வேகமாகப் பெருகுகின்றனவோ அங்கெல்லாம் தாக்கும். புற்றுநோய்ச் செல் வேகமாகப் பெருகுவது, முடியின் வேரில் இருப்பதும் அப்படித்தான். தலைமுடியில் பத்தில் ஒன்பது பங்கு எந்த நேரமும் வளர்ந்துகொண்டிருக்கும், அதனால்தான் கொட்டும்போது இப்படி மொத்தமாகக் கொட்டுகிறது. எல்லாக் கீமோவுக்கும் முடி போவதில்லை, சிலதற்கு ஐதாவதோடு சரி. அம்மாவுக்கு ஏற்றும் சிவப்பு மருந்து டொக்சோருபிசினாகத்தான் இருக்க வேண்டும், அதற்குப் பெரும்பாலும் போகும். புருவமும் இமையும்கூடப் போகலாம், அதை இப்போதே அம்மாவிடம் சொல்லிவை. வெங்காயச் சாறு வேண்டவே வேண்டாம், ஏற்கெனவே நோகிற தோலில் எரிச்சலை ஏற்றாதே. மருந்தெல்லாம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் பூனைமுடி முளைக்கத் தொடங்கும். சிலருக்குச் சுருட்டையாக வரும், சிலருக்கு நரைத்து வரும்.

விக் அம்மா கேட்டால் வாங்கு. தானமாக வந்த முடியில் விக் செய்து நோயாளிகளுக்கு இலவசமாகக் கொடுக்கிறவர்கள் இலங்கையில் இருக்கிறார்கள், வார்டில் விசாரித்துப் பார். அம்மா கேட்கவில்லையென்றால் அண்ணாவை அந்தக் காசுக்கு முட்டை வாங்கி அனுப்பச் சொல்.

சரி, இப்போது உன்னைத் திட்ட வேண்டும்.

"உயிர் பெரிசா, முடி பெரிசா" என்று பெற்ற தாயிடம் கேட்க உனக்கு எப்படி மனம் வந்தது? உயிர் பெரிது என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்துதானே விடியாத நேரத்தில் பஸ் ஏறிக் கண்டிக்குப் போய், ஊசி குத்தக் கையை நீட்டுகிறார்? மார்பை எடுக்கச் சம்மதித்துக் கையெழுத்து வைத்தவரிடம் உயிரின் அருமையை நீ சொல்லிக்கொடுக்கப் போகிறாயா? அழட்டும், விடு.

அம்மாவின் உச்சந்தலையை நீ கிட்டே நின்று பார்த்திருக்கிறாயா? நீ எழுதவில்லை, ஆனால் அவர் கொழுந்தெடுக்க மலைக்குப் போனவர் என்று நினைக்கிறேன். கொழுந்துக் கூடையின் கயிறு தலையில்தான் விழும். கீழே துணியை மடித்து வைத்தாலும் வருஷக்கணக்கில் அந்த இடம் தேயும். எங்கள் அத்தைக்குக் கயிறு கிடந்த இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு முடி ஐதாகி, தோல் வழவழவென்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை லயத்து வாசலில் வெயில் விழும் பக்கமாக உட்கார்ந்து, எண்ணெய் வைத்து, ஈருளி போட்டு வாரி, பக்கத்து முடியை இழுத்து அந்த இடத்தை மூடித்தான் கொண்டை போடுவார். கிழமை முழுக்க, வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டு, மலை, கொழுந்து நிறுக்கும் மடுவம், அடுப்பு என்று ஓடுகிற பெண்ணுக்குத் தனக்கென்று கிடைக்கும் நேரம் அந்த ஒரு மணித்தியாலம்தான். கூடைக்குக் கொடுத்தது போக மிஞ்சியதைப் பொத்திப் பொத்தி வளர்த்த முடி, தங்கச்சி, அது போகும்போது அழாமல் என்ன செய்வார்?

அத்தையைப் பற்றிச் சொல்லாமல் மாமாவின் யோசனைக்கு என்னால் பதில் சொல்ல முடியாது.

நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் எங்கள் மேல் லயத்தில் ஒரு அக்காவுக்கு மார்பில் இந்த நோய் வந்தது. வீட்டார் வயிற்றுக் கோளாறு என்று சொல்லிவிட்டு அவரை உள்காம்பராவில் வைத்துக்கொண்டார்கள். சன்னலைக்கூடத் திறக்கவில்லை. ஒரு நாள் செத்த வீடு நடந்தது. மார்பில் கட்டி என்பதை நாங்கள் அறிந்தது வெகுகாலம் கழித்துத்தான். அதற்கப்புறம் சில வருஷத்தில் எங்கள் அத்தை மலைத்தண்ணீர் விழும் பீலியில் குளிக்கும்போது தன் மார்பில் ஒரு கட்டியைத் தடவிப் பார்த்திருக்கிறார். வலியில்லை. வலியில்லாததால் பெரிதாக எடுக்கவில்லை. இது என்னவாக இருக்கும் என்று யோசித்துப் பார்க்க, அதே நோய் வந்த ஒருத்தி பத்துக் காம்பரா தள்ளி இருந்து செத்திருக்கிறார் என்பதே அவருக்குத் தெரியாது. தோல் உள்வாங்கிச் சுருங்கி, கையைத் தூக்கிக் கொழுந்து எடுக்க முடியாமல் போன பிறகுதான் வாயைத் திறந்தார்.

ஆஸ்பத்திரியிலும் (எது என்று இங்கே வேண்டாம்) அவருக்கு யாரும் தமிழில் விளங்கப்படுத்தவில்லை. முடி கொட்டும் என்றே தெரியாமல்தான் மருந்து ஏற்றிக்கொண்டு வந்தார். தலையணை முழுக்க முடியைப் பார்த்த அன்று, ஏதோ தெய்வக் குற்றம் என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். வீட்டார் உடனே சன்னலை மூடினார்கள். மேல் லயத்தில் நடந்தது அப்படியே எங்கள் வீட்டிலும் நடந்தது. அடுத்த வருஷம் அத்தை போய்விட்டார். கட்டியைக் கண்ட மாதமே போயிருந்தால் நிச்சயம் பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சிறிதாக இருக்கும்போது கண்டுபிடித்தால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம், அதை எந்த டொக்டரிடமும் கேட்டுக்கொள்.

இப்போது மாமா சொல்வதற்கு வா. நேர்த்தி என்ற பெயரில் உன் அம்மாவின் மொட்டையை மறைத்தால், உங்கள் லயத்தில் இன்னொருத்தி பீலியில் குளிக்கும்போது தன் கட்டியைத் தடவிவிட்டுப் பேசாமல் துணியைச் சுற்றிக்கொண்டு போவாள். இலங்கையில் பெண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் இதுதான் முதலிடத்தில் இருக்கிறது. சுகவனிதையர் கிளினிக் 1996இல் தொடங்கியது, 35 வயதானவர்களை முக்கியமாகக் கூப்பிட்டு மார்பையும் கர்ப்பப்பை வாயையும் பார்க்கிறார்கள், காசில்லாமல். நம் பெண்களில் எத்தனை பேர் போகிறார்கள்? ஒரு நாள் பேர் விழாது, சம்பளம் போய்விடும் என்று போகாதவர்கள் இருக்கிறார்கள். அதைவிட, அங்கே எதைத் தேடுகிறார்கள் என்றே தெரியாமல் போகாதவர்கள் அதிகம். எப்படித் தெரியும்? வந்தவர்களையெல்லாம் அல்சர் என்று சொல்லித்தானே புதைக்கிறோம்.

முருகனிடம் பொய் மொட்டை கொடுக்கிற துணிவு எனக்கில்லை, மாமாவுக்கு எப்படி வந்ததோ. அதை விடு. பக்தி இல்லாதவர்களுக்கும் விளங்கும் காரணம் ஒன்று இருக்கிறது. கீமோ ஏற்றி ஒரு கிழமை, இரண்டு கிழமைக்குள் வெள்ளை அணுக்கள் இறங்கிவிடும், கிருமியை எதிர்க்க உடம்பில் ஆள் இருக்காது. அந்த நிலையில் ஊர் பேர் தெரியாத கத்தி தலையில் ஒரு கீறல் போட்டால் என்ன ஆகும்? பிறகு மாணிக்க கங்கையில் முழுக்கு, பஸ்ஸில் நெரிசல். ஒரு பொய்யைக் காப்பாற்றவா அந்த உடம்பை இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகிறீர்கள்?

இன்னொன்றும் உறுத்துகிறது. உன் கடிதத்தில் அண்ணா பேசுகிறார், மாமா பேசுகிறார், எண்ணெய் சொன்னவர்கள் எல்லாரும் பேசுகிறார்கள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வதோடு சரி. அவருக்கு என்ன வேண்டும் என்று யாராவது கேட்டீர்களா? ஊருக்குச் சொல்வதும் சொல்லாததும் அவர் உரிமை. அவரே சொல்ல வேண்டாம் என்றால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். ஆனால் அல்சர் என்பது அவர் சொன்ன கதையா, நீங்கள் கட்டியதா? அவர் வெட்கப்படுகிறாரா, அல்லது நீங்கள் வெட்கப்படுவதைப் பார்த்து உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாரா?

மிச்சமிருக்கும் முடியை எடுக்க அம்மா விரும்பினால் கத்தி வேண்டாம், மெஷினால் கட்டையாக வெட்டிவிடு. கொட்டிக் கொட்டிக் கையில் வருவதைவிட அது பலருக்கு ஆறுதலாக இருக்கிறது. உங்கள் பக்கத்துக் குளிருக்கு வெறும் தலை தாங்காது. கம்பளித் தொப்பியை நேரே போட்டால் அரிக்கும், உள்ளே மெல்லிய பருத்தித் துணியைக் கட்டு. பகலில் வாசலுக்கு வந்தால் வெயில் படாமலும் தலையை மூட வேண்டும். காய்ச்சல் 38 பாகையைத் தொட்டால் விடியட்டும் என்று பார்க்காதே, பெனடோலைக் கொடுத்துப் படுக்க வைக்காதே, அந்த நிமிஷமே ஆட்டோவைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்க் கீமோ ஏற்றுகிறவர் என்று சொல்லு. முடி முளைத்துவிட்டதே என்று கூடையை மாட்டி மலைக்கு அனுப்பவும் வேண்டாம், ஒப்பரேஷன் செய்த பக்கத்துக் கையால் என்ன பாரம் தூக்கலாம் என்று டொக்டரிடம் முதலில் கேள்.

கதிர்காமம் எங்கேயும் போய்விடாது. எல்லாம் முடிந்து, டொக்டரும் சரியென்று சொல்லி, அம்மாவுக்கே ஆசை வந்தால் அப்போது கூட்டிக்கொண்டு போ.

அம்மாவிடம் கேட்டுவிட்டு மறுபடி எழுது. மாமா சொன்னது வேண்டாம், அம்மா சொன்னதை எழுது.

அன்புடன்,
அக்கா