எங்கள் தெருவில் வீடற்றோர் காப்பகம் வரப்போகிறது. குடியிருப்போர் சங்கத்தின் எதிர்ப்பு மனுவில் கையெழுத்துப் போடலாமா?

போடாதீர்கள். நான் ஒரு முறை போட்டுவிட்டு இன்னமும் அதை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் கேள்வியைப் பார்த்தால் வீடு வாங்கி ரொம்ப நாள் ஆகவில்லை, ஈ.எம்.ஐ. ஓடிக்கொண்டிருக்கிறது, வீட்டு விலை இறங்கிவிடுமோ என்ற பயம், கூடவே சங்கத்தில் புதுசு என்பதால் மறுத்துப் பேசத் தயக்கம் என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் மன்னிக்கவும். நான் கையெழுத்துப் போட்டபோது என் நிலைமை அப்படித்தான் இருந்தது.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு சென்னையில் புரசைவாக்கம் பக்கம், 24 வீடுகள். இரண்டு கட்டடம் தள்ளி மாநகராட்சியின் பழைய கட்டடம் ஒன்று பூட்டிக் கிடந்தது. அதில் பெண்களுக்கான காப்பகம் வரப்போகிறது என்று ஒரு பேச்சு. மறுநாளே செயலாளர் மனு எழுதிவிட்டார். 'பெண்கள், குழந்தைகளின் பாதுகாப்பைக் கருதி' என்று ஆரம்பித்திருந்தது. வரப்போவதே பெண்கள் காப்பகம், அதை எதிர்ப்பது பெண்கள் பாதுகாப்புக்காக! அடுப்பில் பால் இருந்தது, வாசலில் ஆள் நிற்கிறார், சரி என்று போட்டுவிட்டேன். பதினோராவது கையெழுத்து என்னுடையது. (பால் பொங்கியதால் போட்டேன் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை. படித்துப் பார்த்துதான் போட்டேன்.)

காப்பகம் வரவில்லை. எங்கள் மனுவால்தானா என்று தெரியாது. அந்த வாசலில் இன்று செயலாளரின் இரண்டாவது கார் நிற்கிறது. பேச்சு வந்ததால் சொல்கிறேன், கவர்டு பார்க்கிங்குக்கு 2009இலேயே முழுப் பணம் கட்டியவர்கள் நாங்கள். எங்களுக்குக் கொடுத்தது தூணை ஒட்டிய இடம், டிரைவர் பக்கக் கதவு பாதிதான் திறக்கும். கேட்டால் அடுத்த பொதுக்குழுவில் பார்க்கலாம் என்பார். எத்தனை பொதுக்குழு போயிற்று! சரி, விடுங்கள்.

எங்கள் தெருமுனையில் ஓர் ஆயா இருக்கிறார். கடைகளில் தூக்கிப்போடும் அட்டையையும் பாட்டிலையும் பொறுக்கிக் காயலான் கடையில் போடுவார். இரவில் ஜெராக்ஸ் கடைப் படிக்கட்டில்தான் படுக்கை. சாக்கு மூட்டையின் கயிற்றைக் கால் கட்டைவிரலில் கட்டிக்கொண்டு தூங்குவார், யாராவது இழுத்தால் தெரியட்டும் என்று. ஆதார் அட்டையைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, ரவிக்கைக்குள் ஊக்கு குத்தி வைத்திருப்பார். கட்டணக் கழிப்பறை திறக்கும்வரை தாங்க வேண்டுமே என்று சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரே குடிப்பதில்லை. பத்து வருஷம் அந்தப் படிக்கட்டைத் தாண்டிப் போயிருக்கிறேன், இதெல்லாம் தெரிந்துகொண்டது 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதுதான்.

அன்று அந்தப் படி முழுகிவிட்டது. ஆயா எங்கள் மாடிப்படிக்குக் கீழே வந்து உட்கார்ந்தார். வெளியே அனுப்பச் சொல்லி வாட்ச்மேனுக்கு போன் வந்தது, அவர் பாவம் என் வீட்டுக் கதவைத் தட்டினார். நான் மாநகராட்சியின் உதவி எண் 1913க்கு அடித்தேன். லைன் கிடைக்க நேரமாயிற்று, ஆனால் மழை விட்டதும் வேன் வந்தது. வந்த இரண்டு பெண்களும் ஆயாவை அதட்டவில்லை. தரையில் உட்கார்ந்து பேசி, ஒரு காப்பகத்துக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். எனக்கு ரொம்பப் பெருமை. வீட்டுக்காரரிடம் இரண்டு முறை சொன்னேன்.

ஐந்தாம் நாள் ஆயா திரும்பவும் ஜெராக்ஸ் கடைப் படியில்.

எனக்குக் கோபம்தான் வந்தது. 'அவ்வளவு தூரம் ஏற்பாடு செய்தேனே ஆயா' என்றேன். "நல்லாத்தான் பாத்துக்கிறாங்கம்மா. சோறு போடுறாங்க, பாத்ரூம் இருக்கு. ஆனா நம்ம பொழப்பு இங்க இருக்குதே. பஸ்ஸு ஓசிதான், மூட்டைய ஏத்த விடமாட்டேங்கறான்." அட்டை போடும் கடைகளும் காயலான் கடையும் இங்கே, படுக்கை மட்டும் ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி. அந்தப் பூட்டிய கட்டடத்தில் காப்பகம் வந்திருந்தால் ஆயா சாக்கை இழுத்துக்கொண்டு நடந்தே போயிருப்பார்.

'வேண்டாம் என்று சொல்லவில்லை, வேறு இடத்தில் வரட்டும்' என்று உங்கள் சங்கத்திலும் சொல்வார்கள். மூட்டை தூக்குபவர், பூக் கட்டுபவர், கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுபவர் எல்லாரும் வேலை கிடைக்கிற இடத்தில்தான் படுப்பார்கள். லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், வருஷம் முழுக்க 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று 2010இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2011 கணக்குப்படி பழைய சென்னை எல்லைக்குள்ளேயே 46 லட்சம் பேர். அப்படியானால் 46 இடமாவது வேண்டும், ஒவ்வொன்றும் யாருடைய தெருவிலாவதுதான் இருக்கும்.

கீழே 'உங்கள் வீட்டு ஹாலில் படுக்க வையுங்களேன்' என்று ஒருவர் வந்து எழுதுவார், தெரியும். ஐயா, என் வீடு ஒன்றரை பெட்ரூம். அரசாங்கக் கட்டடம் சும்மா கிடக்கும்போது என் ஹாலை எதற்குக் கேட்கிறீர்கள்? பிரச்சினையே வராது என்றும் நான் சொல்லவில்லை. குடித்துவிட்டுச் சத்தம் போடும் ஆள் எங்கள் 24 வீட்டிலேயே இரண்டு பேர் உண்டு, காப்பகத்திலும் இருக்கலாம். அதனால் கேட்க வேண்டியதைக் கேளுங்கள்: ஆண்களுக்கா, பெண்களுக்கா, குடும்பங்களுக்கா? இரவில் பொறுப்பாளர் தங்குவாரா? கழிப்பறை எத்தனை? ஓர் ஆளுக்கு 50 சதுர அடி என்பது வீடற்றோர் காப்பகங்களுக்கான மத்திய அரசுத் திட்டம் வகுத்த விதி, அந்த இடம் இருக்கிறதா? இதையெல்லாம் மனுவாக எழுதினால் நானே வந்து கையெழுத்துப் போடுகிறேன்.

ஆயா இன்னும் படியில்தான் படுக்கிறார். மூட்டையை மட்டும் இரவில் எங்கள் மீட்டர் பெட்டிக்குப் பின்னால் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன், வாட்ச்மேனுக்கும் எனக்கும்தான் தெரியும். செயலாளர் இந்தத் தளத்துக்கெல்லாம் வரமாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.