தமிழ்நாட்டு காரை பெங்களூருக்குக் கொண்டுபோனால் மறுபடி லைஃப் டாக்ஸ் கட்ட வேண்டுமா?

கேட்டவர் எழுதியிருப்பது: 2022-இல் கோவையில் வாங்கிய பெட்ரோல் கார், ஷோரூம் விலை 9 லட்சம். லைஃப் டாக்ஸ் கட்டியாகிவிட்டது, வங்கிக் கடன் இன்னும் ஓடுகிறது. இரண்டு வருட வேலைக்காக பெங்களூரு போகிறார். அங்கே மறுபடி வரி கட்ட வேண்டும், வண்டியைக் காட்டி எஃப்.சி. (தகுதிச் சான்று) வாங்க வேண்டும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். ஒரே நாட்டில் ஏன் இப்படி என்று கேட்கிறார்.

எஃப்.சி.யைப் பற்றிக் கவலை வேண்டாம். வரிதான் கவலைப்பட வேண்டிய சமாச்சாரம். 2021-இல் திருச்சியிலிருந்து பெங்களூருக்குக் காரோடு குடிபோனபோது நான் நேர்மாறாகச் செய்தேன். வண்டியைக் காட்ட வேண்டுமே என்று முன் டயர் இரண்டையும் மாற்றினேன். பம்பரில் இருந்த கீறலுக்குப் பெயின்ட் அடித்தேன். மங்கிப்போன ஹெட்லைட்டுக்கு பாலிஷ் போட்டேன். எல்லாம் சேர்ந்து பதினாலாயிரம் சொச்சம். காட்டும் நாளில் இன்ஸ்பெக்டர் வந்தார், பானெட்டைத் திறக்கச் சொன்னார். சேஸிஸ் எண் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்ததை ஆர்.சி.யோடு ஒப்பிட்டார், எஞ்சின் எண்ணைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். நான்கு நிமிடம் இருக்கும். டயர் பக்கம் அவர் குனியவே இல்லை. "டாக்ஸ் கட்டியாச்சா?" என்று மட்டும் கேட்டார்.

அந்த ஒரு கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. வண்டிப் பதிவு, தகுதிச் சான்று, ஓட்டுநர் உரிமம் எல்லாம் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் வருகின்றன. அது மத்தியச் சட்டம், நாடு முழுக்க ஒன்றுதான். ஒரு மாநிலத்தில் பதிந்த வண்டி இந்தியா முழுவதும் செல்லும் என்று அதன் 46-ஆம் பிரிவே சொல்கிறது. ஆனால் வண்டி மீதான வரி, அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலில் 57-ஆவது இனமாக இருக்கிறது. அது மாநிலத்தின் சொத்து. தமிழ்நாட்டுக்கு 1974-ஆம் ஆண்டு வரிச் சட்டம், கர்நாடகத்துக்கு 1957-ஆம் ஆண்டு சட்டம். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்து எத்தனையோ மாநில வரிகளை விழுங்கியது, இதை மட்டும் தொடவில்லை. அதனால் உங்கள் நம்பர் பிளேட் நாடு முழுக்கச் செல்லுபடியாகும், கட்டிய வரி மாநில எல்லையோடு நின்றுவிடும்.

முதலில் எஃப்.சி.யை முடித்துவிடுகிறேன். பெங்களூரில் இன்ஸ்பெக்டர் பார்த்தது எண்களை ஒப்பிடத்தான், அது எஃப்.சி. இல்லை. வெள்ளை போர்டு சொந்த காருக்கு முதல் 15 வருடம் எஃப்.சி.யே கிடையாது. 15 முடிந்ததும் ஒருமுறை காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அப்புறம் ஐந்து ஐந்து வருடமாக நீட்டிப்பார்கள். இதில் மாநிலத்துக்கு மாநிலம் வித்தியாசமில்லை. கட்டணமும் மத்திய அரசு வைத்ததே. காருக்கு 600 ரூபாயாக இருந்ததை 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கினார்கள். 20 வருடம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆனது. வித்தியாசம் வருவது பசுமை வரியில் (பழைய வண்டிகளுக்கான கூடுதல் வரி), அது மாநிலம் போடுவது. புகைச் சான்று எங்கே எடுத்தாலும் எங்கேயும் செல்லும். பி.எஸ்.4, பி.எஸ்.6 வண்டி என்றால் ஒரு வருடம், அதற்கு முந்தையது என்றால் ஆறு மாதம்.

எஃப்.சி. என்றால் நம் ஊரில் வயிற்றைக் கலக்குவது மஞ்சள் போர்டுக்காரர்களுக்குத்தான். என் மாமா திருச்சியில் லோடு வண்டி வைத்திருக்கிறார். எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் வருடா வருடம் காட்ட வேண்டும். அவர் வீட்டில் அது கிட்டத்தட்ட ஒரு பண்டிகை. ஒரு வாரம் முன்பே வண்டி பெயின்ட் கடைக்குப் போய்விடும். ஒளிரும் ஸ்டிக்கர் புதிதாக ஒட்ட வேண்டும், வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்குச் சான்று வாங்க வேண்டும், ஹார்ன், இண்டிகேட்டர், வைப்பர் எல்லாம் உயிரோடு இருக்க வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் டயரைத் தட்டிப் பார்ப்பார் என்பதால், தெரிந்தவரிடம் நல்ல டயர் இரவல் வாங்கி மாட்டி, காட்டிவிட்டு வந்து சாயங்காலமே கழற்றித் தருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் காட்சிகளைப் பார்த்து வளர்ந்ததால்தான் நானும் போய் டயர் மாற்றினேன் போலிருக்கிறது.

ஆய்வு விதியில் தனி உலகம் என்றால் அது டெல்லிதான். அங்கே 10 வருட டீசல், 15 வருட பெட்ரோல் வண்டிகள் ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் சொன்னது, 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தளர்த்தும் வரை, வண்டி எவ்வளவு நன்றாக ஓடுகிறது என்பதற்கு அங்கே மதிப்பில்லை, வயதுதான் கணக்காக இருந்தது. 2025 ஜூலை 1 முதல் இப்படிப்பட்ட வண்டிகளுக்கு பங்க்கில் எண்ணெயே கிடையாது என்று ஆரம்பித்து, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே நிறுத்தி வைத்தார்கள். டெல்லி சொகுசு கார்கள் தெற்கே மலிவு விலைக்கு விற்பனைக்கு வருவதற்கு இந்த விதி ஒரு பெரிய காரணம். அதில் ஒரு கண்ணி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

இனி வரி. என் காரின் விலை 2018-இல் 6.2 லட்சம். அப்போது தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்குள் 10 சதவீதம், அதற்கு மேல் 15. நான் கட்டியது 62,000. (2023 நவம்பரில் இதையெல்லாம் ஏற்றிவிட்டார்கள். இப்போது 5 லட்சம் வரை 12, 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம்.) கர்நாடகத்தில் என் காருக்கு 14 சதவீதம். அது 86,800. அதோடு முடியவில்லை. கட்டும் வரியின் மேல் 11 சதவீதம் செஸ், அதாவது கூடுதல் வரி, உண்டு. இரண்டும் சேர்ந்தால் 96,000 தாண்டுகிறது. வண்டிக்கு மூன்று வயது முடிந்து நான்கு ஆகாததால் இதில் 81 சதவீதம் கட்டினால் போதும் என்பது அவர்கள் அட்டவணை. கடைசியில் சுமார் 78,000. புது வண்டிக்குத் திருச்சியில் கட்டியதைவிட, பழைய வண்டிக்குப் பெங்களூரில் கட்டியது அதிகம்! அப்பாவிடம் ஃபோனில் சொன்னேன். "ஏன்டா தம்பி, வண்டிய வித்துட்டு அங்கேயே வேற வாங்கியிருக்கலாமேடா" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதுவும் நஷ்டம்தான்.

பைக்கை மட்டும் அப்பா பேச்சைக் கேட்டு ஊரிலேயே விற்றேன். கர்நாடகத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் விலையுள்ள பைக்குக்கு 18 சதவீதம். அந்த வரியைக் கட்டி மாற்றி எழுதுவதற்குப் பதில் அங்கே பழைய பைக் ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

மேலே சொன்ன கண்ணி இதுதான். வேறு மாநிலத்திலிருந்து பழைய கார் வாங்கினால் நீங்கள் கொடுத்த விலைக்கு வரி போட மாட்டார்கள். அது புதிதாக விற்ற விலையிலிருந்துதான் கணக்கு தொடங்கும். 50 லட்சத்துக்கு விற்ற டீசல் காரை எட்டு வருடம் கழித்து டெல்லியில் ஒன்பது லட்சத்துக்கு வாங்கி வந்தேன் என்று ஒருவர் மீசையை முறுக்கலாம். பெங்களூரில் பதியப் போகும்போது வயதுக் கழிவு போக ஐந்து லட்சத்துக்கு மேல் வரி காத்திருக்கும். டெல்லியிலேயே அது புதிதாக இருந்தபோது 12.5 சதவீதம்தான் வரி, அதாவது 6.25 லட்சம். இப்படி வரி கட்டாமல் வெளிமாநில நம்பரிலேயே ஓட்டிக்கொண்டிருந்த சுமார் 30 சொகுசு கார்களை 2025 பிப்ரவரியில் பெங்களூரில் பிடித்து வைத்தார்கள்.

இந்த வித்தியாசத்தை வைத்து விளையாடுவது பெரிய ஆட்கள்தான். புதுச்சேரியில் சொகுசு காருக்கு வரி மிகக் குறைவு என்பதால், கேரளத்தில் குடியிருந்துகொண்டே புதுச்சேரி முகவரி காட்டிப் பதிந்தவர்கள் மீது 2017-இல் வழக்குகள் வந்தன. சினிமாக்காரர்கள், அரசியல்வாதி என்று பெயர்கள் அடிபட்டன. நம் ஊர் ஆம்னி பஸ்களை கவனித்திருப்பீர்கள். சென்னைக்கும் மதுரைக்கும் நடுவில் ஓடுகிற பஸ்ஸில் நாகாலாந்து நம்பர் தொங்கும். அந்த பஸ் நாகாலாந்தைப் பார்த்தே இருக்காது. இங்கே இருக்கைக்கு இவ்வளவு என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரி கட்ட வேண்டும், அதிலிருந்து தப்பிக்கத்தான் அத்தனை தூரத்துப் பதிவு. 2024 ஜூனில் தமிழ்நாடு அரசு அவற்றை மாநிலத்துக்குள் ஓட்டக்கூடாது என்று நிறுத்தியது.

என் மச்சான் அமெரிக்காவில் கலிஃபோர்னியாவிலிருந்து டெக்சாஸுக்குக் காரோடு மாறினான். புதிதாகக் குடிவந்தவர் வரி என்று 90 டாலர் வாங்கினார்கள், அவ்வளவுதான். அங்கே வேறுபடுவது ஆய்வு விதி. சொந்த வண்டிகளுக்கு இருந்த வருடாந்திரப் பாதுகாப்புச் சோதனையை டெக்சாஸ் 2025 ஜனவரியில் எடுத்தே விட்டது. ஹூஸ்டன், டாலஸ் போன்ற பெரிய நகரங்கள் இருக்கும் சில கவுண்டிகளில் புகைச் சோதனை மட்டும் மிச்சம். சோதனையை ஒழித்தாலும் அதற்கு வாங்கிவந்த ஏழரை டாலரை விடவில்லை, பெயரை மாற்றிப் பதிவுக் கட்டணத்தோடு சேர்த்துவிட்டார்கள். இந்த விஷயத்தில் எல்லா அரசும் ஒரே குலம்.

சரி, உங்கள் விஷயம். போன உடனே எதுவும் கட்ட வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவின்படி, வேறு மாநிலத்தில் வண்டி 12 மாதத்துக்கு மேல் இருந்தால்தான் புது நம்பர் வாங்க வேண்டும். "30 நாள்தான் சார்" என்று யாராவது சொன்னால், அது 2014-இல் கர்நாடகம் தன் வரிச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தம், அதை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் 12 மாதம் எப்போது தொடங்கியது என்பதைக் காட்டும் பொறுப்பு நடைமுறையில் உங்களுடையது. வேலையில் சேர்ந்த கடிதம், வாடகை ஒப்பந்தம், ஒசூர் சாலை டோலின் ஃபாஸ்டேக் கணக்கு, இவற்றின் நகல் காரிலேயே இருக்கட்டும். என்னை இரண்டு முறை நிறுத்தினார்கள், இரண்டு முறையும் ஃபாஸ்டேக் கணக்குதான் காப்பாற்றியது.

மாற்றுவதென்று முடிவு செய்தால் வங்கியிலிருந்து தொடங்குங்கள். கடன் இருக்கும்போது ஃபார்ம் 28-இல் வங்கி சம்மதம் தராமல் ஆர்.டி.ஓ. ஆபீஸில் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) கிடைக்காது. நான் இதைத் தெரியாமல் நேரே ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய் ஒரு நாள் லீவை வீணாக்கினேன். பாக்கி அபராதச் சலான் ஏதாவது இருந்தாலும் நின்றுவிடும், எனவே முன்பே கட்டிவிடுங்கள். என்.ஓ.சி. வந்ததும் பெங்களூரில் ஃபார்ம் 27 (புது நம்பருக்கான விண்ணப்பம்), வரி, வண்டியைக் காட்டுவது, புது ஆர்.சி., புது நம்பர் பிளேட். அப்புறம் இன்சூரன்ஸிலும் ஃபாஸ்டேக்கிலும் நம்பரை மாற்றிவிடுங்கள். பலர் மறந்து, விபத்து நடந்தபின் விழிக்கிறார்கள்.

கட்டிய பழைய வரியில் மீதிக் காலத்துக்கான பங்கைத் தமிழ்நாட்டிலிருந்து திரும்பக் கேட்கலாம். கர்நாடக ஆர்.சி. நகலோடு, முதலில் பதிந்த ஆபீஸிலேயே விண்ணப்பிக்க வேண்டும். எனக்குப் பதினொரு மாதமும் நான்கு நடையும் ஆயின. புரோக்கர் ஒருவர் வரும் பணத்தில் கால் பங்கு கேட்டார், கொடுக்கவில்லை. அந்த நான்கு நடையில் இரண்டு அதனால்தான் என்று இன்னும் நினைக்கிறேன்.

பாரத் சீரிஸ் பற்றியும் யாராவது சொல்லியிருப்பார்கள். 2021 செப்டம்பரில் வந்தது, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மட்டும் வரி, மாநிலம் மாறினால் நம்பர் மாற்ற வேண்டாம். 10 லட்சத்துக்குள் 8 சதவீதக் கணக்கு, அதுவும் ஜி.எஸ்.டி. சேர்க்காத விலைக்கு. (மாநில வரி ஜி.எஸ்.டி. சேர்ந்த விலைக்கு, அதாவது வரிக்கும் வரி!) ஆனால் அரசு ஊழியர்கள், ராணுவத்தினர், நான்கு மாநிலங்களிலாவது அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்கள் ஆகியோருக்குத்தான்.

உங்கள் 9 லட்சம் காருக்கு நான்கு வயது ஆவதற்குள் மாற்றினால் கர்நாடகத்தில் சுமார் 1,13,000 வரும். தமிழ்நாட்டில் நீங்கள் கட்டியது 90,000, அதில் ஒரு பகுதி என்றைக்காவது திரும்பும். இரண்டு வருடம் முடிந்து கோவைக்குத் திரும்பினால் இதே சுற்றை மறுபடி எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். இந்த முறை தமிழ்நாட்டின் புது விகிதத்தில், 13 சதவீதக் கணக்கில். இரண்டு வருடம்தான் என்பது உறுதியென்றால் காரை வீட்டில் உள்ளவர்கள் ஓட்டட்டும். நீங்கள் வாரக் கடைசியில் உதய் எக்ஸ்பிரஸில் வந்து போங்கள். இல்லை, பெங்களூரு பிடித்துப்போய் அங்கேயே தங்கிவிடுவேன் போலிருக்கிறது என்றால் பத்தாவது மாதமே வங்கிக்கு எழுதிவிடுங்கள். என் வங்கி அந்தக் கடிதத்தைத் தர ஐந்து வாரம் எடுத்தது.